முற்றிய மார்பகப் புற்று: கத்தி எப்போது? (முக்கியக் குறிப்புகள்)

• கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. தாமதமாக வருவதற்கு அதுவே பெரிய காரணம். தோல் புண்ணாகியோ, ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாகியோ வந்தால் டி4பி. நெஞ்சுச்சுவரைப் பிடித்திருந்தால் டி4ஏ. பெக்டோராலிஸ் தசையை மட்டும் பிடித்திருந்தால் டி4 ஆகாது. வினாத்தாளில் பலர் சறுக்கும் இடம் இது.

• காறையெலும்புக்கு மேலே அதே பக்க நிணநீர்க் கணு: என்3சி, அதாவது நிலை 3சி. 2002-இல் வந்த ஏ.ஜே.சி.சி. 6-ஆம் பதிப்பு இதை எம்1-லிருந்து இறக்கியது. பழைய கைடு வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளவும்.

• 'பெரிய கட்டி, உடனே எடு' என்ற விடை 1943-இலேயே அடிபட்டுப் போனது. தோல் வீக்கம், புண், நெஞ்சுச்சுவர்ப் பிடிப்பு, அசையாத அக்குள் கணு, 2.5 செ.மீ.க்கு மேற்பட்ட கணு ஆகியவற்றை ஆபத்துக் குறிகளாக ஹாகன்சனும் ஸ்டவுட்டும் நியூயார்க்கிலிருந்து எழுதினார்கள். இவை இருந்தால், ஹால்ஸ்டெட் வழியில் தசையோடு சேர்த்து அறுத்தாலும் புற்று திரும்பிவிடும். அறுவையின் அளவைக் கூட்டிப் பயனில்லை என்று புரிந்தது அப்போதுதான்.

• இன்றைய வரிசை: ட்ரூகட் பயாப்சி (ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 சேர்த்து), பரவல் சோதனை, கீமோ, மாடிஃபைடு ரேடிகல் மாஸ்டெக்டமி, ரேடியேஷன். மார்பகத்தைக் காக்கும் எண்ணமிருந்தால் கீமோவுக்கு முன்பே கட்டிக்குள் கிளிப் வைக்க வேண்டும். கட்டி கரைந்துபோனால் இடம் தெரியாது. டி4-இல் முழுக்கக் கரைந்தாலும் ரேடியேஷன் உண்டு.

• சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் (1954): அறுவைக்கு முன் கீமோ, ரேடியேஷன் இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் டாக்டர் வி. சாந்தா முன்னோடி.

• அழற்சி வகை (டி4டி): சென்டினல் கணு பயாப்சி கூடாது, தோலைக் காக்கும் மாஸ்டெக்டமியும் கூடாது.

• நீண்ட மார்பு நரம்பு அடிபட்டால் தோள்பட்டை எலும்பு சிறகுபோல் எழும்பும்.

• நிலை 4-இல் மார்பகத்தை எடுத்தால் ஆயுள் கூடுமா? மும்பை டாடா மெமோரியலில் ராஜேந்திர பட்வே குழு 350 பெண்களிடம் சோதித்தது (2015). எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 19.2 மாதம், எடுக்காதவர்களுக்கு 20.5. கூடவில்லை. ஆனால் ஹெர்-2 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ட்ராஸ்டுசுமாப் கிடைக்கவில்லை என்பதையும் விடையில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

• டாய்லெட் மாஸ்டெக்டமி: பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், இங்கே டாய்லெட் என்றால் புண்ணைச் சுத்தம் செய்தல். ரத்தம் கசிந்து, புழு வைத்து, வீட்டார் அருகே வரத் தயங்கும் நிலையில் செய்வது. தோல் போதாவிட்டால் முதுகிலிருந்து லாட்டிசிமஸ் டார்சை மடல், இல்லாவிட்டால் தோல் ஒட்டு. அறுவைக்கு உடல் தாங்காதவர்களுக்கு, நாற்றத்துக்கு மெட்ரோனிடசோல் மேற்பூச்சு.