உணவு நஞ்சாதலும் இல்லத்து முதலுதவியும்

இரவுணவு நீக்கம், வடிகட்டிய நீர், காலவரையறைக்கு உட்பட்ட உணவு ஆகிய மூன்றும் நம் இல்லங்களில் வழிவழியாக வந்த ஒழுக்கங்கள். இவற்றைக் கைக்கொள்ளும் குடும்பங்களில் உணவு நஞ்சாகும் வாய்ப்புக் குறைவு என்பது உண்மையே. ஆயினும் 'நமக்கு அது வாராது' என்று இருந்துவிடுதல் கூடாது. பகலில் சமைத்ததைப் பகலிலேயே உண்டவர்களும் வாந்தி பேதிக்கு ஆளாவதுண்டு. அது எவ்வாறு நேர்கிறது, நேர்ந்தால் செய்யத்தக்கது யாது என்பதைக் காண்போம்.

அரிசியில் பசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்கிருமியின் வித்துகள் இயல்பாகவே ஒட்டியிருப்பதுண்டு. உலையில் கொதித்தாலும் அவ்வித்துகள் முற்றும் மடிவதில்லை. வடித்த சோறு மெல்ல ஆறிச் சூடு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியபின் அவை முளைத்துப் பெருகிச் சோற்றிலேயே ஒரு நஞ்சைச் சுரக்கின்றன. இந்த நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. முற்பகல் 11 மணிக்கு வடித்து மூடிவைத்த சோற்றை, பொழுது சாயுமுன் உண்ணவேண்டுமே என்று மாலை 5 மணிக்குச் சூடாக்கி உண்கிறோம். நம் வரையறைக்குள் அது அடங்கிவிடுகிறது. கிருமிக்கோ ஆறு மணி நேரம் கிடைத்துவிடுகிறது. சமைத்த உணவை அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அண்டாவில் சமைத்த வெண்பொங்கலும் சாம்பார் சாதமும் நடுப்பகுதியில் நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்குமாதலால், அன்னதானப் பொறுப்பேற்போர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். புளியோதரைக்கு அதன் புளிப்பு ஓரளவு காவல்.

சமைப்பவர் கையிலுள்ள சீழ்ப்புண்ணும் நஞ்சுக்குக் காரணமாகலாம். ஸ்டஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி அதிலிருந்து பாற்பண்டங்களிலும் இனிப்புகளிலும் சேர்ந்து நஞ்சைச் சுரக்கும். உண்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி கண்டால் பெரும்பாலும் இவ்வகை நஞ்சே காரணம். மறுநாளோ அதன்பின்னரோ காய்ச்சலுடன் கழிச்சல் கண்டால், சால்மோனெல்லா போன்ற உயிருள்ள கிருமிகளே உள்ளே புகுந்துள்ளன என்று ஐயுறலாம்.

உணவைப் போலவே நீரும் நோயைச் சுமந்து வரும். நீரைத் துணியில் வடிகட்டும் நம் வழக்கத்தைப் பிறர் எள்ளியதுண்டு. வங்காளதேசத்து மத்லாப் பகுதியில், பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டிய சிற்றூர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென ரீட்டா கால்வெல் என்னும் அமெரிக்க அறிவியலாளரும் அவர் குழுவினரும் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காலராக் கிருமிகள் நீரிலுள்ள மிதவை உயிர்களின்மேல் ஒட்டி வாழ்வதே அதற்குக் காரணம். மார்தட்டிக் கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. தனித்து மிதக்கும் கிருமி எந்தத் துணியிலும் நுழைந்து செல்லும். ஆகவே வடிகட்டிய நீரைக் காய்ச்சவும் வேண்டும்.

இனி மருத்துவம். நோயாளியின் உயிருக்குப் பெரும்பாலும் இடர் விளைவிப்பது, நீரும் உப்பும் உடலைவிட்டு வெளியேறுவதேயாகும். 1971-இல் வங்க அகதிகள் திரண்டிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பின்வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. குடலின் சுவர் குளுக்கோசை ஏற்கும்போது உப்பையும் உடன் ஏற்கிறது. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. வெறும் நீருக்கு இத்திறன் இல்லை.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியே சிறந்தது. உறையில் குறித்த அளவு நீரிலேயே அதைக் கரைக்க வேண்டும். அது கிட்டாவிடில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் சர்க்கரை 6 தேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும் தலைதட்டி அளந்து கலக்கலாம். உப்பு மிகுந்தால் தீங்கு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பின் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுக்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு கழிச்சலுக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி வரை தேவை. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. மருத்துவரைக் கேளாமல் பேதியை நிறுத்தும் மாத்திரைகளைக் கொடுக்கவும் கூடாது.

நம் குடும்பங்களில் இருவகைத் தயக்கம் எழுவதைக் காண்கிறோம். 'வயிற்றைக் காயப்போட்டால் சரியாகும். உபவாசமும் ஆயிற்று' என்பது ஒன்று. கழிச்சலில் வற்றிய உடலுக்கு நீரையும் மறுப்பது உபவாசமாகாது. நீருக்குப்பின், பசித்தபோது கஞ்சியும் கொடுக்க வேண்டும். மற்றொன்று, பொழுது சாய்ந்தபின் நீர் அருந்துவது பற்றியது. நோன்பு ஏற்காத குழந்தைக்கு இத்தடையே இல்லை. நோன்பேற்ற பெரியோர் பொருட்டு, பதினாறு பாவனைகளுள் தியாகமும் தவமும் 'சக்திக்கேற்ப' என்றே வைக்கப்பட்டுள்ளமையை நினைவூட்ட விரும்புகிறோம். நான்கு தானங்களுள் ஔடததானமும் ஒன்றன்றோ? இரவெல்லாம் கழிச்சல் கண்ட மூதாட்டிக்கு விடியும்வரை காத்திருப்பது பேரிடர். விரதம் ஏற்கும்போதே நோய்க்கால விலக்கையும் சொல்லி ஏற்பது நலம். அவ்வாறு ஏற்காதவர்கள் உயிரைக் காத்துக்கொண்டபின் குருவிடம் தெரிவித்துப் பிராயச்சித்தம் பெறலாம் என்பது எம் கருத்து.

மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், எதைக் கொடுத்தாலும் தங்காத வாந்தி, பல மணி நேரம் சிறுநீர் பிரியாமை, கண் குழிதல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பார்வை இரட்டையாகத் தெரிவதும், விழுங்க இயலாமையும் அரிதாக வரும் வேறொரு கொடிய நஞ்சின் அறிகுறிகள். கைக்குழந்தை, கருவுற்றவர், முதியோர் ஆகியோருக்கு இவை தோன்றும்வரையும் காத்திராமல் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

ஒரே பந்தியில் உண்டவர் இருவர் மூவர் நோயுற்றால், எஞ்சிய உணவைக் கொட்டிவிடாமல் மூடித் தனியே வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விழா நடத்தியவர்கள் பழிச்சொல்லுக்கு அஞ்சி இதை மறைப்பதுண்டு. அப்பந்தியில் உண்டு ஊர் திரும்பிய மற்றவர்களுக்கும் செய்தி சென்று சேர இதுவே வழி.