மூன்று வகுப்பு, ஓர் ஆசிரியர்

கேள்வி: ஈராசிரியர் பள்ளியில் 1 முதல் 3 வரை நான் ஒருத்தியே பார்க்கிறேன். நோட்டு திருத்தவே நேரம் போய்விடுகிறது. பாடம் எப்போது நடத்துவது?
– ஆசிரியை, கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: முதலில், எல்லா நோட்டையும் அன்றன்றே திருத்தும் சுமையைக் குறையுங்கள், சகோதரி. சிவப்பு மையில் போட்ட திருத்தத்தை ஏழு வயதுக் குழந்தை படிப்பதில்லை. சிலேட்டில் எழுதச் சொல்லி, ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். யாருக்குக் கடன் வாங்கிக் கழிக்க வரவில்லை என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அந்த நான்கைந்து பேரை மட்டும் மறுநாள் காலை அருகில் உட்காரவையுங்கள்.

வகுப்புவாரியாகப் பிரிக்காதீர்கள். 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துத்தானே பிரிக்கிறது? மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருந்தால் இருக்கட்டும். அதை அவமானமாக உணரவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. நீங்கள் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்ற இரண்டுக்கும் உங்கள் உதவி தேவைப்படாத வேலையைக் கொடுங்கள்: தெரிந்த கதையை இணையாக வாசிப்பது, புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக அடுக்குவது. புதுப் பாடத்தைத் தனியே விட்டால் சந்தேகம் கேட்டு வரிசையில் நிற்பார்கள்.

குழுத் தலைவரை வாரந்தோறும் மாற்றுங்கள். கெட்டிக்காரப் பிள்ளையையே உதவி ஆசிரியராக்குவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரத்தை இந்த ஒழுங்கைப் பழக்கவே ஒதுக்குங்கள். பாடம் பின்தங்குமே என்று பயப்பட வேண்டாம்.