பார்ப்பது கருவியா, மனமா?

மாணவர்களே! இரண்டு நுண்ணிய பிளவுகள் உள்ள ஒரு தகட்டை நோக்கி, எலெக்ட்ரான்களை ஒவ்வொன்றாகச் செலுத்துவதாகக் கொள்வோம். தகட்டுக்கு அப்பால் ஒரு திரை இருக்கிறது. ஒவ்வோர் எலெக்ட்ரானும் திரையில் ஒரே ஒரு புள்ளியைப் பதிக்கும். ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்ததும், அடர்ந்த பட்டையும் வெற்றுப் பட்டையும் மாறி மாறித் தோன்றும். இது அலைகள் குறுக்கிடும்போது உண்டாகும் கோலம். எந்தப் பிளவின் வழியே எலெக்ட்ரான் சென்றது என்று அறிய ஒரு கருவியைப் பிளவருகே வைத்தாலோ, பட்டைகள் மறைந்துவிடுகின்றன!

அப்படியானால், நாம் பார்ப்பதை எலெக்ட்ரான் உணர்ந்துகொள்கிறதா?

இத்தகைய ஐயம் பேரறிஞர்களுக்கும் எழுந்தது. ஜான் வான் நியூமன் 1932இல் வெளியிட்ட நூலில் ஒரு சங்கிலியை ஆராய்ந்தார். கருவி அளக்கிறது, கருவியைக் கண் காண்கிறது, கண்ணிலிருந்து செய்தி மூளைக்குச் செல்கிறது. இவை எல்லாமே அணுக்களால் ஆனவைதாம். ஆகவே, "அளவீடு இங்கே முடிந்தது" என்று எந்தக் கண்ணியில் கோடு கிழித்தாலும் கணக்கின் விடை மாறுவதில்லை. அந்தக் கோடு மனிதனின் உணர்வில்தான் விழுகிறது என்று யூஜின் விக்னர் 1961இல் வாதிட்டார்.

பட்டைகள் மறைவதற்கு மனம் தேவையா என்பதைச் சோதனையால் அறியலாம். ஆஸ்திரியாவில், வியன்னா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை நுண்ணிய கீற்றணிகளின் வழியே செலுத்தினர். அவையும் அலைபோலப் பட்டைகளைத் தந்தன. 2004இல் வெளியான சோதனையில், அம்மூலக்கூறுகளை முதலில் லேசர் ஒளியால் சூடேற்றினர். சூடு மிக மிக, மூலக்கூறுகள் பறக்கும்போதே ஒளியை உமிழ்ந்தன. பட்டைகள் படிப்படியாக மங்கி மறைந்தன.

அந்த ஒளியை யார் பார்த்தார்கள்? எவரும் பார்க்கவில்லை! அதைச் சேகரிக்கக் கருவியும் இல்லை. ஆனால் மூலக்கூறு எந்த வழியில் சென்றது என்பதன் சுவடு அந்த ஒளியில் பதிந்துவிட்டது. சுவடு பதிந்ததுமே, இரு வழிகளின் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட முடியாமல் போயின. இதனை 'ஓரியல் தன்மை இழத்தல்' என்பர். எனவே, பௌதிகத்தில் 'பார்த்தல்' என்பது கண்ணின் வேலையன்று. சுற்றுப்புறத்தில் சுவடு பதிவதே ஆகும். 1970இல் டீட்டர் ஸே என்ற ஜெர்மானியர் சுற்றுப்புறத்தின் பங்கை எடுத்துக்காட்டினார். விக்னரும் பிற்காலத்தில் தம் பழைய கருத்தைக் கைவிட்டார்.

புதிர் முழுவதும் தீர்ந்துவிட்டதா? இல்லை. பல இடங்களில் விழக்கூடிய ஓர் எலெக்ட்ரான் ஏன் இந்த ஒரு புள்ளியில் மட்டும் விழுந்தது? பட்டைகள் மறைவதற்குக் காரணம் கூறும் மேற்கண்ட விளக்கம், இக்கேள்விக்கு விடை கூறுவதில்லை. எல்லா முடிவுகளும் தனித்தனிக் கிளைகளாக நிகழ்கின்றன என்றார் ஹியூ எவரெட், 1957இல். சமன்பாட்டையே திருத்த வேண்டும் என்போரும் உண்டு. இன்னும் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. ஆனால், உணர்வுக்கு இதில் தனிப் பங்கு உண்டு என்று எந்தச் சோதனையும் காட்டியதில்லை.

"மனத்தின் பார்வை அணுவை மாற்றும், இது குவாண்டம் விஞ்ஞானம்" என்று யாரேனும் உங்களிடம் கூறினால், ஒரு கேள்வி கேளுங்கள்: "பார்ப்பவர் எவருமே இல்லாதபோது என்ன நடந்தது?" வியன்னாவில் மறைந்த பட்டைகள் அதற்கு விடை சொல்லும்.