டீசல் மெக்கானிக் தொழில்: பள்ளியா, பட்டறையா?

மகனை டீசல் மெக்கானிக் பள்ளிக்கு அனுப்புவதா, ஜோர்ஜ்டவுன் பட்டறையொன்றில் கையாளாகச் சேர்ப்பதா என்று தோட்டத்துப் பெற்றோர் பலர் தயங்குகின்றனர். பட்டறையில் முதல் மாதமே சிறிது சம்பளம் உண்டு. பள்ளியிலோ வருமானமின்றிக் காலம் கழியும். எனவே நாம் இதனை நன்கு ஆராய்தல் வேண்டும்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி பிளக் இல்லை. சிலிண்டரினுள் காற்று இறுக்கப்பட்டுக் கடுஞ்சூடு அடைகிறது. அதில் பீச்சப்படும் எண்ணெய் தானே பற்றி எரிகிறது. கரும்புகை கிளம்பினால் நாசில் பழுதா, காற்று வடிகட்டியில் அடைப்பா என்று காரணம் காணும் அறிவைப் பள்ளி முறையாகப் புகட்டும். இன்றைய லாரிகளில் எண்ணெய் பீச்சுவதை மின்னணுக் கருவி இயக்குவதால் அவ்வறிவு மேலும் அவசியமாகிறது. ஆயினும் கைத்திறன் பட்டறையில்தான் முதிரும்.

இவ்விரண்டையும் இணைப்பதே 2005-ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம். அதில் பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலேயே நடைபெறும். பட்டறையில் நெடுநாள் பழகியவரும் தம் அனுபவத்தை மெய்ப்பித்து மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழியுண்டு.

பினாங்கு மாநிலத்தின் கெப்பாளா பத்தாசில் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம் இயங்குகிறது. அங்குள்ள பாடங்களை முதலில் விசாரித்தல் நலம். தனியார் பள்ளியாயின், அச்சான்றிதழுக்கு அங்கீகாரம் பெற்றதா, எந்த நிலைவரை என்று கேட்டறிந்த பின்னரே கட்டணம் செலுத்த வேண்டும்.

சான்றிதழும் கைப்பழக்கமும் தரும் பள்ளிக்குச் செலவிடும் காலம் வீணாகாது. இவையில்லாத பள்ளியைவிட நல்ல பட்டறையே மேல் என்பது நம் கருத்து.