நிழற்படத்தில் நின்ற நடனம்

நமது திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடு, ஆடவல்லானின் ஐந்து சபைகளுள் இரத்தின சபையாக எண்ணப்பெறுவது. அவ்வூரிற் கிடைத்த நடராசர் செப்புத் திருமேனி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. கும்மிடிப்பூண்டியிலிருந்து நாள்தோறும் ரயிலேறிச் சென்னை செல்லும் நம்மவருட் பலர் இதனைக் கண்டிலர் என்பது வேறு செய்தி. பிரெஞ்சுச் சிற்பியாகிய ரோடினும் இதனை நேரிற் கண்டிலர். நிழற்படங்களையே முன்வைத்துக்கொண்டு 1913ஆம் ஆண்டில் இதனைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அஃது அவர் காலமான பின்னர் 1921இல் அச்சேறிற்று. பாரிசிலிருந்தவர் நம் ஆடலரசைப் படத்திற் பயின்றாராயின், நாமும் ஐரோப்பிய ஆடலரசி ஒருவரைப் படத்திற் பயிலலாமன்றோ?

அவர் அன்னா பாவ்லோவா. 1881இல் ருஷியாவில் பிறந்து 1931இல் ஹாலந்து நாட்டில் மறைந்தவர். அவருடைய படங்களுள் உலகெங்கும் பரவியது, உயிர்விடும் அன்னமாக அவர் கோலம் புனைந்து நிற்பது. சேன்-சான்ஸ் என்பார் இயற்றிய இசைக்கு போக்கின் என்பார் அமைத்துக் கொடுத்த அச்சிறு நடனம் சில நிமிடமே நிகழ்வது. தலையை இருபுறமும் அணைத்து வெண்சிறகு. மெல்லிய வலைத்துணியாலாகிய வெண்பாவாடை. இடையின் இருமருங்கும் மடிந்த இறக்கை. மார்பில் ஒரு செந்நிறக் கல். நிழற்படத்தில் அக்கல் கருமையாகவே தோன்றும். அதன் செம்மையை அறியாதவர், வெண்மைக்கு நடுவே அது குருதித்துளிபோல் இருந்ததையும் அறியார்.

இனி, அப்படத்தில் இல்லாதது யாதென நோக்குவோம். அந்நடனத்தின் உயிர், கால்விரல் நுனியில் நின்று இடையறாது எடுத்துவைக்கும் மிகச் சிறிய அடிகளும், அவற்றோடு அலையும் கைகளுமேயாம். படம் பிடிப்பவரோ, "அசையாதீர்" என்பார். ஆகவே நாம் காண்பது ஆடுங்கால் கண்ட நிலையன்று. ஸ்டூடியோவில் படத்திற்கென்று நிறுத்திக் கொடுத்த நிலை. சிற்பியும் நிலையையே வார்க்கிறார். ஆயினும் அவர் ஓராட்டம் முழுவதையும் எண்ணி ஒரு நிலையைத் தெரிந்தெடுக்கிறார்.

அடுத்து, பாதம். பாவ்லோவாவின் பாதம் மிக வளைந்தது. நுனிவிரலில் நிற்றல் அவருக்குப் பெருவருத்தம் தந்தது. அதனால் தம் பாதரட்சையின் அடியிற் கெட்டியான தோல் வைத்து, நுனியையும் தட்டையாகவும் உறுதியாகவும் அமைத்துக்கொண்டார். இதனை மோசம் என்றோரும் அக்காலத்து உண்டு. அகன்ற நுனி படத்தில் அழகாகத் தோன்றாமையால், ஸ்டூடியோக்காரர் 'டச்சிங்' என்று கூறும் கைத்திருத்தத்தால் அதனைக் குறுக்கி ஊசிமுனைபோல் ஆக்குவித்தார். படத்தை நம்பி அதுபோல் நிற்க முயலும் இளம்பெண், எவர்க்கும் இல்லாத ஒரு பாதத்திற்காகத் தன் விரல்களை நோகச் செய்கிறாள். அந்த அம்மையார்பால் நமக்குள்ள மதிப்பு இதனாற் குறையவில்லை. ஆயினும் படத்தின்பால் வைத்த நம்பிக்கை குறைகிறது.

திருவாலங்காட்டுத் திருமேனியின் ஊன்றிய தாளையும் இதனோடு ஒப்பிடுக. முழங்கால் மடிந்து, உள்ளங்கால் முழுதும் முயலகன்மேற் பதிந்துள்ளது. பாலே நிலத்தை விட்டெழ விழைகிறது. நமது ஆடல் அரைமண்டியில் அமர்ந்து நிலத்தைத் தட்டி விடைபெறுகிறது. பழம்படம் எதுவாயினும் முதலிற் காலைப் பார்ப்பதே எமது வழக்கம்.

பாவ்லோவா 1923இல் உதய சங்கரைக் கண்ணனாகக் கொண்டு தாம் ராதையாகவும் லண்டனில் ஆடினார். பின்னர், ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் உடன்பயணம் செய்த ருக்மிணி தேவிக்குத் தம் குழுவிலிருந்த கிளியோ நார்டியைக் கொண்டு பாலே பயிலும் வாய்ப்பளித்து, நும் நாட்டுக் கலையையும் நாடுக என்று தூண்டினார். ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1935இல் அடையாற்றில் அரங்கேறினார். அதன்பின் எடுத்த படங்களில், முழங்கால் விரியுங்கால் விசிறிபோல் விரியும் தைத்த கொசுவத்தைக் காணலாம்; அதற்கு முந்திய ஆடல்மகளிர் சேலையைச் சுற்றியே உடுத்தனர். உடை கொண்டே படத்தின் காலத்தை ஒருவாறு மதிக்கலாம்.

அம்முந்திய மகளிரின் படங்களும் உள்ளன. சென்னை ஸ்டூடியோக்கள் எடுத்துத் தபாலட்டைகளாக விற்றவை பல. பாவ்லோவாவின் படத்தடியில் அவர் பெயர் பொறித்திருக்கும். இவற்றின் அடியிலோ 'நாட்ச் கேர்ள்' என்ற இரு சொல்லே. எந்த ஊர், எந்த ஆசான், எந்தப் பதம் என்பதற்குக் குறிப்பொன்றும் இல்லை. அவர்தம் மரபே பின்னர் பழிக்கப்பட்டு, கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியபின், பெயர் கூற வல்லவரும் பெயர் கூற நாணினர்.

பழவேற்காட்டிலோ திருவள்ளூரிலோ மாணவர் எவர் வீட்டுப் பழம்பெட்டியிலேனும் அத்தகைய படம் இருப்பின், முதியோரிடம் பெயர் வினவி, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெல்ல எழுதிவைப்பாராக. மையால் எழுதின் அது நாளடைவில் ஊறி முகத்திற் படியும்.