அண்டை வீட்டு நாயும் அதிகாரிகளின் உதவியும்

பகல் முழுவதும் தறிக்குழியில் அமர்ந்து நெய்பவருக்கும், விடியுமுன் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்பவருக்கும் இரவுத் தூக்கமே மறுநாளைய மூலதனம். அண்டை வீட்டு நாய் இரவெல்லாம் குரைக்குமாயின் வேலையும் கூலியும் குன்றும். அதன்பொருட்டு இரு குடும்பங்கள் பகைகொண்டாலோ, ஒரே சங்கத்தில் அங்கத்தினராயுள்ள நம்மவர்க்கு அது இரட்டை நஷ்டம். ஆகவே, இதற்குரிய முறையை ஆராய்வோம்.

முதற்படி, காரணம் அறிதல். பசி, தனிமை, குறுகிய சங்கிலி, அந்நியர் நடமாட்டம் ஆகியவற்றால் நாய் குரைக்கும். உரிமையாளரிடம் பகற்பொழுதில் கோபமின்றிப் பேசுதல் வேண்டும். மாலையில் நாயை நடத்திச் செல்வதாலும், இரவில் கட்டும் இடத்தை மாற்றுவதாலும் தொல்லை பெரிதும் குறையலாம். நாயை எந்நேரமும் கட்டிவைத்து, நடமாட விடாதிருத்தல் 1960ஆம் ஆண்டுப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதையும் பக்குவமாக எடுத்துரைக்கலாம்.

இரண்டாம் படி, குறிப்பெழுதுதல். இரண்டு வாரங்களுக்குத் தேதி, மணி, குரைத்த நேர அளவு ஆகியவற்றை எழுதிவருக. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையுள்ள நேரத்தை இரவென வகுத்துள்ளன; அந்நேரத்துக் குறிப்புகளைத் தனியே காட்டுதல் நன்று.

மூன்றாம் படி, மனுச் செய்தல். கிராமத்தில் ஊராட்சி மன்றத்திற்கும், நகரத்தில் நகராட்சி அலுவலகத்திற்கும் எழுதி, ஒப்புகைச் சீட்டுப் பெறுக. இன்னலுறும் பிற வீட்டாரின் கையொப்பமும் இருப்பின் மனு வலுப்பெறும். பயனில்லையெனில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் நடைபெறும் மக்கள் குறைதீர் நாளில் அளிக்கலாம்.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர்தல் அவசியம். பலருக்கும் நேரும் தொல்லையே பொதுத்தொல்லை எனப்படும். ஒரு வீட்டாருக்கு மட்டும் நேர்வது உரிமையியல் வழக்குக்குரியது. வழக்கிடுமுன் வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகினால், இரு தரப்பாரையும் அழைத்துச் சமரசத்திற்கு முயலுவர். நாய் கடிக்க வருமாயின் அது வேறு விஷயம். தக்க காவலின்றி அதனை விட்டுவைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி குற்றம். காவல் நிலையத்தில் முறையிடலாம்.

விஷம் வைப்பதோ, கல்லெறிவதோ ஒருபோதும் கூடாது. பிறர் நாயை விஷமிட்டுக் கொல்பவருக்கு அதே சட்டத்தின் 325ஆவது பிரிவு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. முறையிட வந்தவரே குற்றவாளியாக நிற்க நேரும். வாயில்லாப் பிராணியின்மீது குற்றமில்லை. அதனைப் பேணும் முறையில்தான் குறை. அக்குறையை நீக்கவே அயலாரின் நல்லெண்ணத்தையும் அதிகாரிகளின் உதவியையும் நாம் நாடுகிறோம்.