புங்கனூர் குட்டைக்கு எந்தக் காளை?

பழைய சித்தூர் மாவட்டத்தின் புங்கனூர், பலமனேர் வட்டாரத்து மண்ணுக்கு உரிய மாடு புங்கனூர் குட்டை. உயரம் 70 முதல் 90 சென்டிமீட்டர், எடை 115 முதல் 200 கிலோ. காய்ந்த புல்லைத் தின்று, கொழுப்பு மிகுந்த பாலைக் கொடுத்து, வறண்ட மேட்டு நிலத்தில் தாக்குப்பிடித்த இனம் இது. சித்தூர்ச் சீமை பால் வியாபாரத்துக்கு மாறி, ஜெர்சி, ஹோல்ஸ்டைன் கலப்பு மாடுகள் தொழுவங்களை நிரப்பியபோது அழியும் நிலைக்குப் போனது. இப்போது நிலைமை தலைகீழ். 2024 ஜனவரியில் பிரதமர் தம் இல்லத்தில் இந்த மாடுகளுக்குத் தீவனம் ஊட்டும் படங்கள் வெளியான பிறகு நகரத்து வீடுகளில் கிராக்கி ஏறிவிட்டது. விலை லட்சங்களில் பேசப்படுகிறது. அந்த விலையைப் பெரும்பாலும் உயரமே முடிவு செய்கிறது. எவ்வளவு குட்டையோ அவ்வளவு பணம். அதனால் பசு பருவத்துக்கு வந்ததும் வளர்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, ‘காளை எவ்வளவு குட்டை?’ என்பதாகிவிட்டது. கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இந்தக் காளையின் தகப்பன் எது?’ என்பதுதான். வம்சம் தெரிந்த, நம் பசுவுக்கு உறவில்லாத காளை நாலு விரல் கூடுதல் உயரமாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. 50 பசுக்கள் உள்ள ஒரு கோசாலையில் ஒரே ஒரு பொலிகாளை நின்றால், மரபியல் கணக்கில் அந்த மந்தை வெறும் 4 மாடுகளுக்குத்தான் சமம். அடுத்து பிறக்கும் கன்றுகள் அத்தனையும் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்பதே காரணம். காளைகளை 5 ஆக்கினால் அந்த எண் 18 ஆகும்; 10 ஆக்கினால் 33. ஓர் இனம் நிலைத்து நிற்க இந்த எண் 50-க்குக் குறையக் கூடாது என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டல். ஆக, பசுக்களை எவ்வளவு கூட்டினாலும் காளைகளைக் கூட்டாமல் இனத்தைக் காப்பாற்ற முடியாது. தனி மாட்டுக்கும் இதே நியாயம்தான். தகப்பனை மகளோடு சேர்த்தால் கன்றின் உட்கலப்பு 25 சதவீதம். ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாய்களிடம் பிறந்தவற்றைச் சேர்த்தால் 12.5 சதவீதம். தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் ஒரே மூதாதையின் அதே மரபணு கன்றிடம் வந்து சேரும்போதுதான் மறைந்து கிடந்த குறை வெளியே தெரிகிறது. சினை நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருவது, நோஞ்சான் கன்று, பால் சுருங்குவது, காளையின் விந்துத் தரம் கெடுவது எல்லாம் மெல்ல மெல்ல வருவதால், நாம் தீவனத்தையும் வெயிலையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

உயரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பதன் விளைவை உலகம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அயர்லாந்தின் டெக்ஸ்டர் என்ற சிறு மாட்டினத்தில் மிகக் குட்டைக் கால் உள்ளவை ஒரு பழுதான மரபணுவைச் சுமப்பவை. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒரு கன்று உருக்குலைந்து, உயிரில்லாமல் விழும் வாய்ப்பு உண்டு. அந்தப் பழுது எந்த மரபணுவில் என்பது 2007-இல் கண்டறியப்பட்டது. இன்று டெக்ஸ்டர் வளர்ப்பவர்கள் மரபணுச் சோதனை செய்துவிட்டே சோடி சேர்க்கலாம். அமெரிக்க ஹெர்ஃபோர்டு மாடுகளில் கட்டுக்குட்டான காளைகளுக்குக் கண்காட்சிகளில் மதிப்புக் கூடியதால், 1950-களில் குள்ளக் கன்று நோய் மந்தை மந்தையாகப் பரவியது. நாய்களிலும் இதே கதைதான்: முகம் தட்டையாகத் தட்டையாக அழகு என்று வளர்த்த பக், இன்று மூச்சுக்குத் திணறுகிறது. இங்கிலாந்தின் கென்னல் கிளப் 2009 முதல் தகப்பன்-மகள், தாய்-மகன், உடன்பிறப்புச் சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதையே நிறுத்தியது. புங்கனூரின் குட்டை, இனம் முழுவதற்கும் இயல்பானது. டெக்ஸ்டரின் குறை அதில் உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் இனத்தின் இயல்பான அளவுக்கும் கீழே, இரண்டடியை நோக்கி இறக்கப்படும் ஒரு காளையைப் பார்த்து, அது இயல்பான குட்டையா பழுதான மரபணுவா என்று கண்ணால் சொல்ல முடியாது. உடலுக்குப் பொருந்தாத குட்டைக் கால், வளைந்த முன்னங்கால் முட்டி, புடைத்த நெற்றி, உள்வாங்கிய தாடை இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் அந்தக் காளை வேண்டாம்.

இனி வழிகளைப் பார்ப்போம். பக்கத்துத் தோட்டத்துக் காளைக்கோ கோசாலைக் காளைக்கோ விடுவது எளிது, செலவும் குறைவு. சினையும் நன்றாகப் பிடிக்கும், ஏனெனில் பருவத்தின் நேரத்தைக் காளையே அறியும். ஆனால் கன்று வீச்சு நோய் போன்றவை ஒரு பசுவிலிருந்து இன்னொன்றுக்குப் போவதும் இந்த வழியில்தான். இரத்தப் பரிசோதனை செய்யாத காளைக்கு விடவே கூடாது. உறவு சிக்கலாவதும் இங்கேதான்: ஊரில் ஒரே காளை ஐந்தாறு ஆண்டு நின்றால் அது தன் மகளையே சேரும். சினை ஊசியில் நோய் பயம் மிகக் குறைவு. உறைவிந்துக் குச்சியின் மேல் காளையின் எண் அச்சாகியிருக்கும், அது பெரிய வரம். ஒரே பேர்பெற்ற காளையின் குச்சியை ஊரே போட்டுக்கொண்டால் அடுத்த தலைமுறை முழுக்க ஒரே தகப்பனின் பிள்ளைகளாகும் என்பதே இதில் உள்ள ஆபத்து. மாடு சிறியதாகையால் ஊசி போடுபவரின் கையும் பழகியிருக்க வேண்டும். கரு மாற்று முறை கேட்கக் கவர்ச்சியாக இருந்தாலும் ஒரே பசு, ஒரே காளையின் பத்துக் கருக்கள் என்றால் கிடைப்பது பத்து உடன்பிறப்புகள். பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் புங்கனூர் மந்தையைப் பராமரிக்கிறது. 2005-இல் தொடங்கிய திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு 2020-இல் மிஷன் புங்கனூர் திட்டமும் வந்தது. பல வம்சக் காளைகளை உருவாக்க அந்த நிறுவனங்களுக்குக் கரு மாற்று உதவும்; வீட்டுத் தொழுவத்துக்கு அது தேவையில்லை. ஜெர்சிக் குச்சியை மட்டும் புங்கனூர்ப் பசுவுக்குப் போடவே வேண்டாம். பெரிய கன்று சிறிய இடுப்பில் சிக்கினால் தாயும் போகும், கன்றும் போகும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழியை யாரும் விளம்பரம் செய்வதில்லை. ஊரில் இருக்கும் பேரில்லாத சிறிய நாட்டுப் பசுவை நல்ல புங்கனூர்க் காளையோடு சேர்த்து, அதன் கிடாரியை வேறொரு புங்கனூர்க் காளையோடு சேர்த்துக்கொண்டே போனால் புங்கனூர் இரத்தம் 50, 75, 87.5 என ஏறி நாலாம் தலைமுறையில் 93.75 சதவீதம் ஆகிறது. புதிய இரத்தம் உள்ளே வருகிறது, இனத்தின் அடித்தளம் அகலமாகிறது. விற்கும்போது ‘தரம் உயர்த்தியது’ என்று சொல்லி விற்க வேண்டும். சுத்த இனம் என்று சொன்னால் அது மோசடி.

குட்டைக்குத்தானே சந்தை விலை கொடுக்கிறது, உயரமான காளையைப் போட்டு நஷ்டப்படுவதா என்பார்கள். அந்தக் கன்றின் விலை குறையும் என்பது உண்மை. ஆனால் பசு ஒருமுறை விற்கும் பொருள் அல்ல. ஈற்றுக்கு ஈற்று வருமானம் தருவது. சினை நிற்காமல் ஓர் ஆண்டு தவறினால், உயரத்தில் சம்பாதித்தது அங்கே போய்விடும். நகரத்து மோகம் எவ்வளவு காலம் நிற்கும் என்றும் யோசிக்க வேண்டும். நெருங்கிய உறவில் சேர்த்துத்தானே முன்னோர் இந்த இனத்தையே உருவாக்கினார்கள் என்ற வாதமும் உண்டு. அன்று ஊர் மந்தையில் பல காளைகள் மேய்ந்தன. நோஞ்சான் கன்று வறட்சியைத் தாண்டாது, அதன் குறையும் அதோடு போனது. இன்று தடுப்பூசியும் அடர்தீவனமும் அந்தக் கன்றைப் பிழைக்க வைக்கின்றன. அது நல்லதுதான். ஆனால் வறட்சி செய்த களையெடுப்பை இனி நம் தேர்வுதான் செய்தாக வேண்டும். மாடுகளே குறைவு, உறவில்லாத காளைக்கு எங்கே போவது என்றால், கேரளத்தின் வெச்சூர் இனத்தைப் பார்க்கலாம். 1989-இல் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவர் மாணவர்களும் தேடிப் பிடித்த சில மாடுகளிலிருந்து அது மீண்டது.

வம்சப் பதிவே இல்லையே என்பது மிக நியாயமான மறுப்பு. இன்றே தொடங்கினால் போதும். காதில் போடும் 12 இலக்க வில்லையின் எண், காளையின் எண் அல்லது குச்சியின் எண், சேர்த்த தேதி, கன்று போட்ட தேதி, கன்றின் குறைகள்: இவை ஒரு நோட்டில் இருந்தால் இரண்டு தலைமுறைக்குள் பாட்டன் பாட்டி வரை தெரிந்துவிடும். இரண்டே பசு வைத்திருப்பவர் காளையே வாங்க வேண்டாம். ஈற்றுக்கு ஈற்று வேறு எண்ணுள்ள குச்சி கேட்கட்டும், கேட்டுப் பெறுவது அவர் உரிமை. காளை வைத்திருப்பவர்கள் அதற்குப் பிறந்த முதல் கிடாரிகள் பருவத்துக்கு வரும் முன்பே, அதாவது இரண்டு இரண்டரை ஆண்டுக்குள், பலமனேர்ப் பக்கத்துக் காளையைக் குடியாத்தத்துக்கும் அங்குள்ளதைப் பலமனேருக்கும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் முன் இரண்டு காளைகளுக்கும் கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.